மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பது வேறு: அகழாய்வில் கிடைத்த மனித எலும்புகள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: தாடை மூட்டில் சிறு துளைகள் தெரிகின்றன. மூட்டுத் தேய்வு என்று எழுதலாமா?

துளை மட்டும் போதாது. எலும்போடு எலும்பு உரசிக் கண்ணாடிபோல் பளபளப்பேறியிருந்தால் தயங்காமல் எழுதுங்கள். பளபளப்பு இல்லையென்றால், துளைகளோடு ஓரத்தில் புது எலும்பு முளைத்திருக்கிறதா, மூட்டின் வடிவம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கீழ்த்தாடைக் குமிழை மட்டும் பார்த்துவிட்டு, மண்டையோட்டிலுள்ள அதன் குழியைப் பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள். ‘அவருக்கு வலித்திருக்குமா’ என்பதற்கு எலும்பு பதில் சொல்லாது.

கேள்வி: பல் இல்லாத இடம். உயிரோடிருந்தபோதே விழுந்ததா?

பற்குழி எலும்பால் தூர்ந்து மழுங்கியிருந்தால், ஆம். விளிம்பு கூராக இருந்தால், இறந்த பிறகு விழுந்தது. மண் சலித்த சல்லடையை இன்னொரு முறை பாருங்கள், பல் அதில் கிடக்கலாம்.

கேள்வி: படம் இணைத்துள்ளேன். பல் தேய்வை வைத்து வயதைச் சொல்லவும்.

அளவுகோல் இல்லாத, கலங்கிய படம். எந்த ஊர், எந்தக் காலம் என்று ஒரு வரிகூட இல்லை. மாட்டுச் சந்தையில்கூட மாட்டை நேரில் நிறுத்தித்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்!

தேய்வு வயதை மட்டும் காட்டுவதில்லை, உணவையும் காட்டுகிறது. திருகைக் கல்லின் பொடி கலந்த ரொட்டியைத் தின்றவரின் பல் முப்பதிலேயே தேய்ந்திருக்கும். அதனால்தான் 1960களில் பல் ஆய்வாளர் மைல்ஸ், இங்கிலாந்தின் ஒரு ஆங்கிலோ-சாக்சன் (இடைக்காலத் தொடக்க) இடுகாட்டுக்கு, அங்கே கிடைத்த இளையோரின் பற்களிலிருந்தே தேய்வு வேகத்தைக் கணக்கிட்டார். முதல் கடைவாய்ப்பல் ஆறு வயதில் முளைக்கிறது, இரண்டாவது பன்னிரண்டில். இரண்டாவது முளைக்கும்போது முதல் பல்லில் உள்ள தேய்வு ஆறு வருடத் தேய்வு. அந்த இடுகாட்டின் அளவுகோல் அது. அதை இன்னொரு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தேவாலய நிலவறையில் 1984-86இல் ஏறக்குறைய ஆயிரம் பேரின் எலும்புகள் எடுக்கப்பட்டன. சுமார் 400 பேரின் சவப்பெட்டித் தகடுகளில் பெயரும் வயதும் இருந்தன. எலும்பை வைத்து நிபுணர்கள் கணித்த வயதைத் தகட்டோடு ஒப்பிட்டபோது, இளையவர்கள் மூத்தவர்களாகவும் முதியவர்கள் இளையவர்களாகவும் ஆகியிருந்தார்கள். முழு எலும்புக்கூட்டைக் கையில் வைத்திருந்தவர்களின் கதி இது. நீங்கள் ஒற்றைப் பல்லின் படத்தை அனுப்பியிருக்கிறீர்கள்.

கேள்வி: 18ஆம் நூற்றாண்டு லண்டன் ஆண். இரு தாடைகளையும் பொருத்தி வைத்தால், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேருமிடத்தில் வட்டமான ஓட்டை. நோயா?

களிமண் சுங்கான். ஆசாமி பல வருடங்கள் ஒரே பக்கம் கடித்துப் புகைத்திருக்கிறார்.

கேள்வி: பற்காரையை (பல்லில் கல்லாக இறுகிய படிவை) சுரண்டிச் சுத்தம் செய்யலாமா?

கூடவே கூடாது. தின்றவற்றின் மாவுத்துகளும் வாய்க் கிருமிகளின் மரபணுவும் அதில்தான் இருக்கின்றன. காய்ந்த மண்ணை மென்தூரிகையால் தட்டிவிட்டு அப்படியே வையுங்கள். படம் எடுத்தால், அளவுகோலோடு.