ஏஐ வந்தாலும் ஆள் தேடும் வேலைகள்: கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு, இப்போது பிறையில் வயரிங் கற்றுத்தரும் அண்ணன், முதல் வேலை தேடுபவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

மகன் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வை முடித்துவிட்டான். கணக்கியல் டிப்ளோமாவில் சேர்க்கலாமா அண்ணே?

அவனுக்கு ஆசை இருந்தால் சேருங்கள் அம்மா. ஆனால் பில்லைப் பார்த்துக் கணக்கில் ஏற்றுவது போன்ற ஆரம்ப வேலைகளைத்தான் மென்பொருள் முதலில் எடுத்துக்கொள்கிறது. எந்த வேலையானாலும் நான் கேட்பது ஒன்றுதான்: நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்தே முடித்துவிட முடியுமா? முடியும் என்றால் யோசிக்க வேண்டும்.

வயரிங் வேலைக்கும் ரோபோ வந்துவிடாதா?

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடிக்கு ஏறிப் பாருங்கள் தம்பி. பலகைக்கு அடியில் தாத்தா காலத்து ஒயரும் பேரன் இழுத்த ஒயரும் பின்னிக் கிடக்கும், வரைபடம் எதுவும் இருக்காது. செக்கர்ஸ் ஆட்டத்தில் கணினியைப் பெரியவர்களைப் போல் ஆட வைப்பது சுலபம், ஒரு வயதுக் குழந்தையைப் போல் பார்க்கவும் நகரவும் வைப்பதுதான் கஷ்டம் என்று ரோபோ ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் மொராவெக் 1988இலேயே எழுதிவிட்டார்.

இன்னொன்று, கையெழுத்து. வேலை முடிந்ததும் சுருஹன்ஜாயா தெனாகா என்ற எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன்தான் சோதனைச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு வீடு தீப்பிடித்தால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே! முதலில் சிங்கிள் பேஸ் சான்று, அப்புறம் த்ரீ பேஸ், அதற்கும் மேலே, பெரிய இடங்களின் மின்சாரத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் சார்ஜ்மேன். நல்ல சார்ஜ்மேன் கிடைத்தால் தொழிற்சாலைகள் விடாது.

தங்கை தாதியர் படிப்புக்குப் போகிறாள். மருத்துவமனையிலும் ஏஐ வருகிறதே?

எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர்களைப் புதிதாகப் பயிற்றுவிப்பதையே நிறுத்திவிடலாம் என்று ஏஐ ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹின்டன் 2016இல் சொன்னார். அவர்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்கள். அதே ஹின்டன் 2025இல் பிளம்பர் வேலை கற்றுக்கொள்ளச் சொன்னார்! நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கவும், மூச்சு மாறுவதைக் கவனிக்கவும் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். தங்கச்சி பயப்பட வேண்டியது இரவு ஷிப்டுக்குத்தான்.

பாயான் லெப்பாஸில் ஆப்பரேட்டராகச் சேரலாமா?

1972இல் சிப் நிறுவனமான இண்டெல் இங்கே வந்த காலத்தில் பெண்கள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, சிப்பில் மெல்லிய கம்பியை இணைக்கும் ஒயர் பாண்டிங் செய்தார்கள். ஏஐ வருவதற்கு வெகுகாலம் முன்பே அதை இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த இயந்திரம் நடுராத்திரியில் நின்றுபோனால் டெக்னீஷியனைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் ஆப்பரேட்டராக உள்ளே போங்கள், அங்கேயே தங்கிவிடாதீர்கள்.

கிராபிக் டிசைன்?

புதிதாக வருபவருக்கு இப்போது ரொம்பக் கஷ்டம்.

கைத்தொழில் படிக்க வீட்டில் காசு இல்லை அண்ணே. சம்பளமும் குறைவு என்கிறார்களே?

ஆரம்பத்தில் குறைவுதான், மறைக்க மாட்டேன். குறைந்தபட்ச சம்பளமான 1,700 வெள்ளியை ஒட்டித்தான் பலர் தொடங்குகிறார்கள். எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலை முடித்து, தகுதிச் சான்றும் எடுத்த பிறகுதான் பேரம் பேச முடியும். படிப்புக்கு பிடிபிகே என்ற திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடன் இருக்கிறது, ஆனால் திருப்பிக் கட்ட வேண்டும். சேருவதற்கு முன் அந்தப் பயிற்சி மையத்துக்கு ஜேபிகே என்ற திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழில் எந்த நிலை வரைக்கும், எந்தத் தேதி வரைக்கும் என்று போட்டிருக்கும், அதையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.