ஒரு பக்கம்கூட நிரம்பலையே அக்கா!

கேள்வி: அக்கா, இந்த வருஷம் ப்ளஸ் டூ காமர்ஸ் குரூப் முடிச்சேன். கானாடுகாத்தான்ல பழைய செட்டியார் வீடுகளை ஹோட்டலா மாத்திருக்காங்கல்ல, அதுல ஒண்ணுல ரிசப்ஷனுக்கு ஆள் கேக்கறாங்க, ரெஸ்யூம் மெயில் பண்ணுன்னு சொல்லிட்டாங்க. பிரவுசிங் சென்டர்ல குடுத்த ஃபார்மட்ல அப்பா பேரு, மதம், ஜாதி, ஆதார் நம்பர்னு எல்லாம் ஃபில் பண்ணியும் அரைப் பக்கம்தான் வருது. எக்ஸ்பீரியன்ஸ்ல 'நில்'னு போட்டுரவா? லீவு விட்டா ஆத்தங்குடில சித்தப்பாவோட டைல்ஸ் பட்டறைக்குப் போவேன், டூரிஸ்ட் வந்தா சுத்திக் காட்டுவேன், பில் எழுதுவேன். வேற வேலை பாத்ததில்ல. (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: தம்பி, முதல்ல அந்த 'நில்'ல அழிங்க. ஹோட்டல் ரிசப்ஷன்ல என்ன வேலை, வெளியூர்க்காரங்ககிட்ட கூச்சப்படாம பேசணும், கேட்டா பதில் சொல்லணும், காசு வாங்கி பில் போடணும், இதைத்தானே பட்டறைல செஞ்சுக்கிட்டு இருக்கீங்க! கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் ஊத்தி, மேல சிமெண்ட் மணல் போட்டு அமுக்கி, அப்புறம் தண்ணில ஊறப்போடறத நின்னு பாக்கற ஆளுக்குப் புரியற மாதிரி சொல்றீங்கன்னா அந்த ஹோட்டல்காரருக்கு அதைவிட என்ன வேணும், அவர் வீட்டுத் தரைலயும் அதே கல்லுதான் கிடக்கும். சம்பளம் வாங்கலையே, சொந்தக்காரர் பட்டறையாச்சேன்னு யோசிக்காதீங்க. இப்படி எழுதுங்க: "பள்ளி விடுமுறைகளில் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் உதவி. சுற்றுலாப் பயணிகளுக்கு டைல்ஸ் செய்முறையை விளக்குவது, பில் எழுதுவது, ஆர்டர் குறித்துக்கொள்வது." எந்த வருஷத்துலேர்ந்துன்னு பக்கத்துலயே போட்டுருங்க. ஆர்டர் எடுத்தது இல்லன்னா அந்த வார்த்தைய எடுத்துருங்க, நேர்ல கேப்பாங்க. இங்கிலீஷ்லயும் இதே அளவுக்கு சிம்பிளா போதும்.

மதம், ஜாதி, ஆதார் மூணையும் தூக்கிருங்க. கல்யாண ஜாதகத்துக்கு அடிச்ச ஃபார்மட்ட வேலைக்குக் குடுத்துட்டாங்க போல. கவர்மெண்ட் அப்ளிகேஷன்ல இட ஒதுக்கீட்டுக்காக ஜாதி கேப்பாங்க, அது வேற. ஆதார் நம்பர தெரியாத மெயிலுக்கெல்லாம் அனுப்பவே கூடாது, வேலை கிடைச்சப்பறம் கேட்டா குடுக்கலாம். மேல பேரு, ஊரு, போன் நம்பர், மெயில் ஐடி (விளையாட்டுக்கு வச்ச ஐடி இருந்தா புதுசா பேர்லயே ஒண்ணு தொடங்குங்க), அப்பறம் பட்டறை, அப்பறம் டென்த், ப்ளஸ் டூ, பாஸான வருஷம், மார்க், தெரிஞ்ச பாஷை. டைப்ரைட்டிங் லோயர் முடிச்சிருந்தா மறக்காம போடுங்க. 'கேரியர் அப்ஜெக்டிவ்'னு நெட்ல காப்பி அடிச்ச நாலு வரி எனக்குப் பிடிக்காது, எல்லா ரெஸ்யூம்லயும் அதே நாலு வரிதான் இருக்கு, படிக்கறவங்க அதைத் தாண்டித்தான் போவாங்க. ரெஃபரன்ஸுக்கு ஸ்கூல் சார் பேரு போடறதுன்னா அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க. பிடிஎஃப்பா மாத்தி, ஃபைலுக்கு உங்க பேர வச்சு அனுப்புங்க, பிரவுசிங் சென்டர்க்காரர் 'நியூ 2'ன்னு வச்சிருப்பாரு. அரைப் பக்கம் வந்தா வரட்டும், பதினெட்டு வயசுல ரெண்டு பக்கம் வந்தாத்தான் சந்தேகம்.

கேள்வி: என் பையன் ப்ளஸ் டூல ஒரு பாடம் போயிருச்சு, துணைத் தேர்வு எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கான். அதை ரெஸ்யூம்ல மறைச்சிரலாமா? (ஒரு அம்மா, தேவகோட்டை)

பதில்: மறைக்க வேணாம்மா, மார்க் ஷீட் கேட்டா தெரிஞ்சுரும். "ப்ளஸ் டூ, துணைத் தேர்வு எழுதியுள்ளார், முடிவு வர வேண்டும்"னு ஒரே வரி, கீழ டென்த் மார்க். டென்த் பாஸ் வச்சே எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல பதியலாம், இப்ப ஆன்லைன்லயே பண்ணிரலாம், சிவகங்கைக்கு அலைய வேணாம். ஆனா 3 வருஷத்துக்கு ஒருக்கா ரினீவல் பண்ணணும், தேதிய காலண்டர்லயோ போன்லயோ இப்பவே குறிச்சு வச்சுருங்க.