ஓய்வெடுத்தால் போகிறது, ஓடினால் வருகிறது: கணைக்கால் வலிக்கு என்ன வழி?

கேள்வி: டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 36, பள்ளி ஆசிரியை. இந்த வருடம்தான் ஓட ஆரம்பித்தேன். வாரம் 15 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள், மார்ச் மாத அரை மாரத்தானை நினைத்து ஒரே மாதத்தில் 35 கிலோமீட்டருக்குப் போய்விட்டேன். இப்போது இரண்டு கால்களிலும் கணைக்காலின் உள்பக்கம் வலிக்கிறது. இரண்டு வாரம் ஓடாமல் இருந்தால் வலி போய்விடுகிறது. மறுபடி ஓடினால் மூன்றாம் நாளே வந்துவிடுகிறது. ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்கிறார்கள். ஓட்டத்தையே விட்டுவிட வேண்டுமா? பத்து வாரத்தில் வரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். வெறுங்காலில் நடக்கலாமா?

பதில்: ஓட்டத்தை விட வேண்டியதில்லை. காவடியையும் விட வேண்டியதில்லை. நீங்கள் விட வேண்டியது, இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டுப் பழைய தூரத்துக்கே திரும்பிப் போகும் அந்தப் பழக்கத்தைத்தான். ஓய்வு வலியை அடக்கும். எலும்பை வலுவாக்காது.

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் கணைக்கால் எலும்பு மிகச் சிறிதளவு வளைந்து நிமிர்கிறது. கெண்டைக்கால் தசைகளின் இழுப்பும் அதன்மேல் சேர்கிறது. இந்தப் புதிய சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக் கட்டிக்கொள்ளும். ஆனால் அது முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது, அப்புறம்தான் புதிய எலும்பை நிரப்புகிறது. அரிப்பதற்குச் சில வாரங்கள் போதும். நிரப்பிக் கெட்டிப்படுத்த மூன்று மாதம்வரை ஆகும். நடுவில் இருக்கும் காலத்தில் எலும்பு முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும். மூச்சும் இதயமும் அதற்குள் தேறிவிடுவதால், இன்னும் ஓடலாம் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். நீங்கள் 35 கிலோமீட்டருக்குத் தாவியது சரியாக அந்த நேரத்தில்.

முதலில் ஒரு சோதனை. எலும்பின் உள்விளிம்பை விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக, பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், ஒற்றைக்காலில் குதிக்கவே முடியாவிட்டால், எலும்பில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வலி உள்விளிம்பில் இல்லாமல் எலும்பின் முன்முகட்டில், நடுப்பகுதியில் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். அங்கே விழும் விரிசல் எளிதில் ஆறாது. ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது சாதாரணம், அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகி ஓடிவிடக் கூடாது. எம்ஆர்ஐயில்தான் தெளிவாகத் தெரியும். ஓட ஆரம்பித்துக் குறிப்பிட்ட நேரத்தில் கால் இறுகி, பாதம் மரத்து, நின்றதும் சில நிமிடங்களில் சரியானால் அது வேறு பிரச்சினை, அதையும் காட்டுங்கள். நம் தென்னாப்பிரிக்காவில் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க டாக்டரின் கடிதம் தேவையில்லை, நேராகவே போகலாம்.

விரிசல் இல்லை என்றால் அடுத்த இரண்டு மூன்று வாரம் ஓட்டம் வேண்டாம், ஆனால் அசையாமலும் இருக்காதீர்கள். நீச்சல், சைக்கிள், வலி இல்லாத நடை எல்லாம் சரி. உண்மையான வேலை இந்த வாரங்களில்தான் நடக்கிறது, பலர் தவறவிடுவதும் இதைத்தான். கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள் உண்டு. மேலே திரண்டு தெரிவது ஒன்று, அதற்கு அடியில் தட்டையாக இருப்பது இன்னொன்று. ஓட்டத்தில் அதிகச் சுமையைத் தாங்குவது அடியில் இருப்பது. முழங்காலை மடக்கிச் செய்யும்போதுதான் அதற்கு நல்ல பயிற்சி கிடைக்கும். ஆகவே படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். முழங்கால் நேராக 12 முறை, சற்று மடக்கி 12 முறை. இப்படி மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு கால்களால் தொடங்கி, ஒற்றைக்காலுக்கு மாறி, பிறகு முதுகுப் பையில் புத்தகங்களைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று பாதத்தின் முன்பகுதியை உயர்த்தி இறக்குவதையும், இடுப்புப் பக்கத் தசைகளுக்கான பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் பயோகினட்டிசிஸ்ட் (உடற்பயிற்சி வழியாகக் காயத்தைத் தேற்றும் நிபுணர்) இருந்தால் முறையைப் பார்த்துத் திருத்துவார். ஓட ஆரம்பித்த பிறகும் இதை நிறுத்த வேண்டாம்.

அரைமணி நேரம் வேகமாக நடந்தும் வலி இல்லை, அழுத்தினாலும் பெரிதாக வலி இல்லை, ஒற்றைக்காலில் பத்து முறை குதித்தாலும் ஒன்றும் இல்லை என்ற நிலை வந்ததும் ஓடலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. வாரத்துக்கு மூன்று நாள், அடுத்தடுத்த நாளில் கூடாது. அப்புறம் ஓடும் நிமிடங்களை மெல்லக் கூட்டுங்கள். பத்துக்கு இரண்டு அளவில் லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் பரவாயில்லை. மறுநாள் படுக்கையிலிருந்து காலை ஊன்றும்போது வலி இருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், பிறகு வேகம், கடைசியில் ஏற்ற இறக்கம். சாட்ஸ்வொர்த்தின் சரிவுகளில் இறங்கி ஓடுவது இப்போது உங்களுக்கு ஆகாது. கடற்கரை நடைபாதை சமதளம், அது போதும். மென்மையாக இருக்கிறதே என்று மணலில் இறங்காதீர்கள், கெண்டைக்கால் இன்னும் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும். நார்த் பீச்சில் சனிக்கிழமை நடக்கும் பார்க்ரன் 5 கிலோமீட்டரில் நடப்பவர்களும் உண்டு, அங்கே ஓடியும் நடந்தும் போனால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. ஒவ்வொரு அடியையும் நீட்டி வைக்காமல், நிமிடத்துக்கு விழும் அடிகளை ஐந்து சதவீதம் கூட்டிப் பாருங்கள். எலும்பின்மேல் விழும் சுமை குறையும்.

ஐஸ் வைப்பது வலிக்கு இதம், அவ்வளவுதான். ஷூ 700, 800 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். ஐபுபுரோஃபென் போட்டுக்கொண்டு ஓடவே ஓடாதீர்கள். எச்சரிக்கையை மறைத்துவிடும், டர்பன் வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது சிறுநீரகத்துக்கும் ஆபத்து. 1921 முதல் காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டப் போட்டியை ஓடிவரும் ஊர் இது. வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடுவதுதான் வீரம் என்று நம் ஓட்டக் குழுக்களில் அன்போடுதான் சொல்வார்கள். தொடைத் தசை அலுப்புக்கு அது பொருந்தலாம். எலும்பு வலிக்குப் பொருந்தாது.

விரதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். ஒருவேளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு ஓட்டத்தையும் கூட்டினால் எலும்பு ஆறத் தேவையான சக்தி கிடைக்காது. விரத நாட்களில் ஓட்டத்தைக் குறையுங்கள். தயிர், பால், பருப்பு, கீரை தாராளமாக இருக்கட்டும். மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கியிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பாடு போதவில்லை என்பதற்கும், எலும்பு மெலிவதற்கும் அது முதல் அறிகுறியாக இருக்கலாம்.

இனி காவடி. வெறுங்காலில் நடப்பதைவிட, ஷூவிலேயே பழகிய கால் அன்று ஒரே நாளில் மணிக்கணக்காக வெறுங்காலில் நடப்பதுதான் சிக்கல். இன்றிலிருந்தே வீட்டிலும் புல்தரையிலும் வெறுங்காலில் பத்து நிமிடம் நடந்து, வாராவாரம் கூட்டுங்கள். தார் ரோடு சுடும்போது நம்மை அறியாமல் முன்பாதத்தில் எட்டி எட்டி நடப்போம், மறுநாள் கணைக்கால் வலிக்க அதுவே போதும். தண்ணீர் ஊற்றியிருக்கும் பக்கமாக, ரோட்டின் சரிவான ஓரத்தை விட்டு நடக்கப் பாருங்கள். காவடி கனம் குறைவாக இருக்கட்டும். மேளத்துக்குக் குதித்து ஆடுவதை மட்டும் இந்த வருடம் மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள். தாரில் வெறுங்காலோடு குதிப்பது இந்தக் காயத்துக்கு மிகக் கெட்டது. பத்து வாரம் கழித்தும் வேக நடையே வலித்தால், பூசாரியிடம் பேசி, நேர்த்தியைக் கோயிலுக்குள்ளேயே குறைந்த தூரத்தில் முடித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

மார்ச் அரை மாரத்தான் வேண்டாம் என்றே சொல்வேன். எல்லாம் நன்றாகப் போனாலும் தைப்பூச சமயத்தில் நீங்கள் விடாமல் அரைமணி நேரம் ஓடும் நிலையில்தான் இருப்பீர்கள். அதிலிருந்து ஐந்தாறு வாரத்தில் 21 கிலோமீட்டர் என்றால் மறுபடி அதே தாவல். மார்ச்சில் வலி இல்லாவிட்டால் ஒரு 10 கிலோமீட்டர் ஓடுங்கள். வெயில் தணிந்த ஜூலை, ஆகஸ்டில் ஒரு அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுங்கள்.