பல் எடுத்த பிறகு: கேள்வி பதில்

பல் எடுத்தபின் வரும் தொல்லைகள் பற்றிய கேள்விகளுக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு பல் மருத்துவர் பதில் சொல்கிறார்.

திருவாரூரிலிருந்து: காலையில் கடைவாய்ப்பல் எடுத்தார்கள். எச்சிலெல்லாம் ரத்தம். துப்பித் துப்பி ஓய்ந்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

முதலில் துப்புவதை நிறுத்துங்கள். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து நிற்க வேண்டும். அடியிலுள்ள எலும்பையும் நரம்பையும் மூடிக் காப்பது அதுதான். துப்பினாலும் ஸ்ட்ராவில் உறிஞ்சினாலும் பெயர்ந்துவிடும். எச்சிலை விழுங்கிவிடுங்கள். துளி ரத்தம் கலந்தாலே வாய் முழுக்கச் சிவப்பாகத் தெரியும். சுத்தமான காஸ் துணியை நனைத்து மடித்து, குழிமேல் வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மன்னார்குடியிலிருந்து: அம்மாவுக்கு வெற்றிலைச் சீவல் இல்லாமல் முடியாது. எப்போது போடலாம்?

நம் பக்கத்தில் வெற்றிலையை விடச் சொல்வது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் புண் ஆறும்வரை, குறைந்தது ஒரு வாரம், வேண்டாம். சீவல் துணுக்கு குழிக்குள் போய் உட்காரும், சுண்ணாம்பு புண்ணை அரிக்கும், போட்டால் துப்பவும் வேண்டும். புகையிலை சேர்க்கிறார் என்றால் இத்தோடு அதை விட்டுவிடச் சொல்லுங்கள். வாய்ப் புற்றுக்கு அது நேர்வழி.

மயிலாடுதுறையிலிருந்து: இரண்டு நாள் நன்றாக இருந்தேன். மூன்றாம் நாள் காது வரை வலி தெறிக்கிறது, வாயும் நாறுகிறது.

உறைந்த ரத்தம் பெயர்ந்து எலும்பு வெளியே தெரிகிறது போலிருக்கிறது. டிரை சாக்கெட் என்போம். கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் அதிகம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி வெகுவாகத் தணியும். கிராம்புத் தைலத்தை நீங்களே உள்ளே திணிக்க வேண்டாம், சதை வெந்துவிடும். காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றாலோ நடுராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து: உப்புத் தண்ணீர் எப்போது?

24 மணி நேரம் கழித்து. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு. வேகமாகக் கொப்பளிக்காமல், தலையைச் சாய்த்துத் தானாக வழியவிடுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: என்ன சாப்பிடலாம்? காபி?

மரத்துப்போனது தெளிந்தபிறகு, குழையப் பிசைந்த தயிர்சாதத்தை மறுபக்கமாகச் சாப்பிடுங்கள். முதல் நாள் காபியை ஆற்றிக் குடியுங்கள். மருத்துவர் தந்த வலி மாத்திரையை, மரப்பு முழுக்கத் தெளிவதற்குள் போட்டுவிடுங்கள். வீக்கம் இரண்டு மூன்று நாள் கூடிப் பிறகு வடியும்.