ஹாலில் சோபாவை எங்கே போடுவது?

கேள்வி: முதல் வீடு வாங்கியிருக்கிறோம். ஹால் 10-க்கு 14 அடி. வாசலுக்கு நேரெதிரே மேற்குப் பார்த்த பால்கனி. எல் வடிவ சோபா போடலாமா? டிவி எங்கே வைப்பது?
– வாசகி, தாம்பரம்

பதில்: எல் வடிவம் வேண்டாம்மா. 10 அடி அகலத்தில் அது ஹாலையே அடைத்துக்கொள்ளும். பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் பாய் விரிக்க இடமிருக்காது. மூன்று பேர் உட்காரும் சோபாவை நீளச் சுவரை ஒட்டிப் போடுங்கள். எதிர்ச்சுவரில் டிவி. பால்கனிப் பக்கம் வைத்தால் சாயங்கால வெயிலில் கண் கூசும். டிவியின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கட்டும். மாட்ட வருபவர் அதைவிட உயரத்தில் டிரில் போடத்தான் பார்ப்பார், விடாதீர்கள்! அப்புறம், வாங்குமுன் சோபா அளவுக்குப் பழைய பேப்பரைத் தரையில் பரப்பி நடந்து பாருங்கள். வாசலிலிருந்து பால்கனி வரை 3 அடி வழி வேண்டும். லிஃப்ட் கதவையும் அளந்துவிடுங்கள்.