புள்ளி மறைந்துவிட்டது என்று காப்பர் மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள்

உங்கள் கடல்மீன் தொட்டியில் இருக்கும் டேங் மீனின் வெண்புள்ளிகள் மூன்றே நாளில் போய்விட்டன, திரும்ப வந்தால் பவளத் தொட்டியிலேயே காப்பர் (செம்பு கலந்த மருந்து) விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். பவளம், இறால், நத்தை எல்லாம் செத்துவிடும். பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சி அளவை நிலையாக நிற்கவிடாது.

புள்ளி உதிர்ந்தது குணமானதால் அல்ல. மீனின் தோலைத் தின்று பெருத்த கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி இப்போது மணலில் கூடு கட்டிப் பிரிந்துகொண்டிருக்கும். கூடு உடைந்ததும் நூற்றுக்கணக்கில் நீந்தி வரும். காப்பர் கொல்வது அந்த நீந்தும் பருவத்தை மட்டும்தான்.

புள்ளி இல்லாத மீன்கள் உட்பட எல்லாவற்றையும் மணலும் பாறையும் இல்லாத தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். ஒளிய பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். கீலேட் செய்த காப்பர் (வேறொரு சேர்மத்தோடு பிணைத்தது) என்றால் 2.0 முதல் 2.5 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு (பிணைக்காத அயனிக் காப்பருக்கு இந்த எண் கூடவே கூடாது, மீன் செத்துவிடும்). இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏற்றி 30 நாள் வையுங்கள். நடுவில் காப்பர் அளவு இறங்கினால் நாள் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் இருக்கட்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா ஏறினால் தண்ணீர்தான் மாற்ற வேண்டும். அம்மோனியாவைக் கட்டும் மருந்தைக் காப்பரோடு சேர்க்கக் கூடாது.

ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் சாகும்படி, பவளத் தொட்டி 76 நாள் மீனின்றி இருக்கட்டும். பாறை இடுக்கில் ஒரு சின்ன கோபி மீன் தங்கிவிட்டாலும் அத்தனை நாளும் வீண். வலையும் குழாயும் ஒவ்வொரு தொட்டிக்கும் தனி.