மறைமலைநகரிலிருந்து தேனாம்பேட்டைக்கு சைக்கிளும் மின்சார ரயிலும் சேர்த்துப் போய்வர முடியுமா?

கேள்வி கேட்டவருக்கு வீடு மறைமலைநகர் ஸ்டேஷனிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். தினமும் பைக்கில் ஜி.எஸ்.டி. சாலையில் போய்வந்து இடுப்பு விட்டுப்போகிறது, ரயிலும் சைக்கிளுமாக மாறிக்கொள்ளலாமா, அதற்கு மடக்கு சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

மாறலாம். மடக்கு சைக்கிள் மட்டும் வேண்டாம். ஐந்து வருடமாக நான் கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து கிண்டிக்கு இப்படித்தான் போய்வருகிறேன். முதல் ஒரு மாதம் நண்பனிடம் இரவல் வாங்கிய மடக்கு சைக்கிளோடுதான் அலைந்தேன். கடையில் ஒரு கையால் தூக்கிப் பார்க்கும்போது 14 கிலோ ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அதையே தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் நூறு பேர் நெட்டித்தள்ள, கிண்டி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள். மடக்கினால் சூட்கேஸ் அளவுதான், சரி. ஆனால் சூட்கேஸில் பெடலும் செயினும் நீட்டிக்கொண்டிருக்காது. ஒரு நாள் பல்லாவரத்தில் ஏறிய பெரியவர் ஒருவரின் வெள்ளை வேட்டியில் செயின் கிரீஸ் ஒரு முழ நீளத்துக்கு இழுத்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிண்டி வரை வேட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் தேவலை. அன்று சாயங்காலமே நண்பனிடம் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

காலையில் நகரத்தை விட்டு வெளியே போகும் ரயிலில், அதாவது செங்கல்பட்டுப் பக்கம் வேலைக்குப் போகிறவர் என்றால், மடக்கு சைக்கிள் நடக்கும். நமக்கு நடக்காது. சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்திலேயே நெரிசல் நேரத்தில் சாதாரண சைக்கிளை ரயிலில் ஏற்ற விடுவதில்லை. உட்ரெக்ட் ஸ்டேஷனுக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் கட்டி வைத்திருக்கிறார்கள். இறங்குகிற ஊரில் ஓவி-ஃபீட்ஸ் என்று ரயில்வேயின் வாடகை சைக்கிள் கிடைக்கும். ஆக அங்கேயும் ஒருவருக்கு இரண்டு சைக்கிள் என்றுதான் கணக்கு. நமக்கு அந்த இரண்டாவது சைக்கிளை யாரும் தரப்போவதில்லை, நாமே கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் இரண்டாவது சைக்கிள், அக்கா மகனுக்கு பிளஸ் ஒன்னில் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள். அவன் காலேஜுக்குப் போனதும் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. கியர் கிடையாது, பளபளப்பு கிடையாது, எந்தத் திருடனும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டான். இந்த வேலைக்கு அதுதான் வேண்டும். பிரேக் கட்டையும் டியூபும் மாற்றி, ஓவராயில் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஜி.எஸ்.டி. சாலையிலேயே மிதித்துக் கிண்டிக்குக் கொண்டுபோனேன். சுமார் 25 கிலோமீட்டர். தாம்பரத்தில் ஒரு டீ, மீனம்பாக்கம் தாண்டி ஒரு டீ என்று ஏழே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். மாத வாடகைக்கு ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த சைக்கிள் கிண்டிப் பக்கத்தைத் தாண்டியதே இல்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு தொந்தரவு உண்டு, திங்கட்கிழமைக் காலை. கிண்டி சைக்கிள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெயிலில் நின்றிருக்கும். பழைய மாதிரி வால்வு என்றால் உள்ளே வால்டியூப் என்று ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்குமே, சூட்டில் அது வெடித்துக் காற்று இறங்கிவிடும். முதல் மூன்று தடவை பஞ்சர் என்று நினைத்து சைக்கிளைக் கடை வரை தள்ளிக்கொண்டு போனேன். மூன்றாவது தடவை கடைக்காரர், “தம்பி, இதுக்கு எதுக்கு என்கிட்ட வர்றீங்க” என்று ஒரு முழம் வால்டியூபை வெட்டிக் கையில் கொடுத்தார். பையில் அதுவும் ஒரு கைப்பம்பும் இருந்தால் இரண்டே நிமிட வேலை. வால்வைக் கழற்று, கிழிந்ததை உருவு, புதுசை எச்சில் தொட்டு மாட்டு, காற்றடி.

நேரக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு 5 கி.மீ., 20 நிமிடம். ஸ்டாண்டு, டோக்கன், பிளாட்பாரம் எல்லாம் 10. ரயிலில் முக்கால் மணிக்குக் கொஞ்சம் கூட. கிண்டியிலிருந்து என் ஆபீஸ் இருக்கும் ஈக்காட்டுத்தாங்கலுக்கு 3 கி.மீ., கால் மணி நேரம். ஆக ஒன்றரை மணி நேரம். நல்ல நாளில் பைக் இதைவிடச் சீக்கிரம் போய்விடும். ஆனால் மாதத்தில் எத்தனை நல்ல நாள் வருகிறது என்பது ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும். எனக்கு ஒன்றரை என்றால் பெரும்பாலும் ஒன்றரைதான். அதில் பாதிக்கு மேல் நான் வண்டி ஓட்டுவதே இல்லை, திரும்பும்போது தூங்கவும் செய்கிறேன். சீசன் டிக்கெட் காசு, பைக்குக்கு ஒரு தடவை ஃபுல் டேங்க் போடுகிற காசில் பாதிகூட வராது. 2025 ஏப்ரலில் ஏ.சி. மின்சார ரயில் விட்டார்கள், சாதாரண சீசன் அதில் செல்லாது. மே மாதத்தில் இரண்டு நாள் ஆசைக்குப் போனேன், அவ்வளவுதான்.

வியர்வையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நினைக்கிற அளவுக்கு இல்லை. மிதிப்பது இரண்டு துண்டாக இருப்பதால் முதல் வியர்வை ரயில் காற்றிலேயே காய்ந்துவிடும். திங்களன்று மூன்று சட்டையை மடித்து ஆபீஸ் டிராயரில் வைத்துவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கிண்டி சைக்கிளைத் தொடுவதில்லை, ஷேர் ஆட்டோதான்.

ஒரு சைக்கிள் பறிகொடுத்திருக்கிறேன். என் தப்புதான். லேட்டாகிவிட்டதென்று ஸ்டாண்டுக்குப் போகாமல் தெருமுனை விளக்குக் கம்பத்தில் பூட்டிவிட்டு ஓடினேன். சாயங்காலம் கம்பம் இருந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தேனாம்பேட்டை என்றதும் மாம்பலத்தில் இறங்கத் தோன்றும். வேண்டாம். கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் ரங்கநாதன் தெரு, அதில் சைக்கிளைத் தள்ளக்கூட முடியாது. ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே சைதாப்பேட்டையில் இறங்கி அண்ணா சாலையைப் பிடியுங்கள், மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். சைக்கிள் வாங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை போய் அக்கம்பக்கத்து ஸ்டாண்டுகளில் இரண்டு விஷயம் கேளுங்கள்: ராத்திரி வண்டி நிற்க விடுவார்களா, காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள். ராத்திரிக்குத் தனி வாடகை கேட்டால் பேரம் பேசலாம், மாதக் கணக்கில் போடுகிறேன் என்றால் குறைப்பார்கள். எதுவுமே அமையாவிட்டால் அந்த மூன்று கிலோமீட்டரை மெட்ரோவுக்கு விட்டுவிட்டு, மறைமலைநகர்ப் பக்கம் மட்டும் சைக்கிளை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.